கொறங்காட்டின் படலை எப்போது திறப்பது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2026ஆம் ஆண்டை மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பர்களுக்குமான பன்னாட்டு ஆண்டாக ஐக்கிய நாடுகள் அவை அறிவித்திருக்கிறது. அதையொட்டிக் கொங்கு வட்டாரத்தின் வேலியடைத்த மேய்ச்சல் நிலங்களான கொறங்காடுகளைப் பற்றியும் பேச்சு எழுகிறது. காற்றாலைக்குப் போன நிலம், மனைப்பிரிவாகிப் போன நிலம், எண்ணிக்கை குறைந்துவரும் காங்கயம் மாடு என்று அந்தப் பேச்சு போகிறது. எல்லாம் உண்மைதான். ஆனால் யாரும் விற்காத, வேலி கெடாத கொறங்காட்டிலும் புல் குறைந்துகொண்டே வருகிறது. மழை நன்றாகப் பெய்த ஆண்டிலும் தை பிறப்பதற்குள் தரை தெரிகிறது. இதற்கு மழையைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆடு மாடுகளை எந்த நாளில் உள்ளே விடுகிறோம், எந்த நாளில் வெளியே எடுக்கிறோம், எத்தனை உருப்படிகளை விடுகிறோம் என்பதில்தான் பெரும்பகுதி இருக்கிறது. இதைச் சற்று விரிவாகவே எழுத இடம் தர வேண்டுகிறேன்.

வெளியூர் வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. காங்கயம், வெள்ளக்கோவில், மூலனூர், தாராபுரம், க.பரமத்தி, அரவக்குறிச்சி வட்டாரத்தில் சில ஏக்கர் அளவுக்குப் பிரித்து, சுற்றிலும் கிளுவை உயிர்வேலி வளர்த்து, உள்ளே கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் நிற்க, மாட்டையும் செம்மறியையும் மேய்க்கும் தனிப்பட்டா நிலம் கொறங்காடு. உள்ளே போக ஒரே ஒரு கடவு (நுழைவழி), அதில் கதவாக ஒரு படல். ஆண்டு மழை ஏறத்தாழ 600 மில்லிமீட்டர்; அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் வந்துவிடும். சித்திரை, வைகாசியில் சில நாள் கோடை மழை கிடைக்கும். பிறகு பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் ஆடிக் காற்று இருக்கிற ஈரத்தையும் உறிஞ்சிவிடும். ஆக, ஆண்டில் புல் உண்மையில் வளரும் நாட்கள் மிகக் குறைவு. அந்தக் கொஞ்ச நாட்களில் என்ன செய்கிறோம் என்பதே மீதி மாதங்களின் தீவனத்தை முடிவு செய்கிறது.

முதலில் புல் வளரும் விதத்தைப் பார்க்க வேண்டும். புல்லின் குருத்து தரையை ஒட்டி, தூர் எனப்படும் அடிக்கட்டைக்குள் ஒளிந்திருக்கிறது. இலை தன் நுனியில் வளர்வதில்லை. அடியிலிருந்து தள்ளப்பட்டு மேலே வருகிறது. அதனால்தான் மாடு நுனியைக் கடித்த பிறகும் அதே இலை நீள்கிறது. மேய்ச்சலைத் தாங்கும் வலு புல்லுக்கு இங்கிருந்துதான் வருகிறது. கதிர் விடும் பருவத்தில் மட்டும் குருத்து தண்டோடு மேலே ஏறிவிடும். அப்போது கடிபட்டால் அந்தத் தட்டின் வாழ்வு முடிந்தது. அடிக்கணுவிலிருந்து புதிய பக்கத்தூர் வெடித்து வந்தால்தான் உண்டு. கொழுக்கட்டைப் புல்லுக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. அதன் தட்டுகளின் அடிப்பகுதி சற்றுப் பருத்திருக்கும். வறட்சிக்காகப் புல் சேர்த்து வைக்கும் மாவுச்சத்து அங்கேதான் இருக்கிறது. கோடையில் பசித்த ஆடு தரையோடு கரும்பிவிட்டால், போவது இலை மட்டுமாக இருக்காது. அடுத்த மழைக்கு முதல் இலையை விட வைத்திருந்த சேமிப்பும் சேர்ந்தே போகிறது.

இங்கே முதல் மழையின் பிரச்சினை வருகிறது. புரட்டாசிக் கடைசியிலோ ஐப்பசி முதலிலோ ஒரு உழவு மழை பெய்ததும், நான்கைந்து நாளில் தூர்களில் பச்சை தெரியும். நிலமெல்லாம் பச்சையாகத் தோன்றுவதால் அன்றே படலைத் திறந்துவிடும் வழக்கம் இப்போது பரவலாகிவிட்டது. அந்த முதல் இலை சேமிப்பைச் செலவழித்து வந்த இலை. அது விரிந்து வெயிலை வாங்கி உணவு தயாரித்து, செலவான சேமிப்பை வேருக்குத் திருப்பிக் கொடுக்க இரண்டு, மூன்று வாரம் ஆகும். அதற்குள் கடித்துவிட்டால் தூர் மறுபடியும் சேமிப்பைத் தொட்டு இரண்டாவது இலையை விடுகிறது. அதையும் கடித்தால் மூன்றாவது வருவதில்லை. அடுத்த ஆண்டு அந்த இடத்தில் தூர் காய்ந்து கறுத்த முளையாக நிற்கும். இதில் கால்நடைக்கும் லாபம் இல்லை. இரண்டு விரல் உயரப் பச்சையைத் தேடி ஆடு காடெல்லாம் ஓடும், வயிறு நிறையாது, கிடைத்த கொஞ்சமும் பெரும்பாலும் தண்ணீர். பச்சைக்கு ஓடி ஆடு இளைப்பது என்று நம் ஊரில் சொல்வது இதைத்தான்.

மேலே இலையைக் கடித்தால் கீழே வேருக்கு என்ன ஆகிறது என்பதை அமெரிக்காவில் பிராங்க்ளின் கிரைடர் என்ற வேளாண் ஆய்வாளர் அளந்து 1955இல் வெளியிட்டார். இலைப் பரப்பில் 40 சதவீதம் வரை வெட்டியபோது வேர் வளர்ச்சி நிற்கவில்லை. 50 சதவீதம் வெட்டியபோது மிகச் சிறு பங்கு வேர்களே வளராமல் நின்றன. அதைத் தாண்டியதும் நிலைமை சட்டென்று மாறியது. 80 சதவீதம் வெட்டிய புல்லின் வேர்கள் 12 நாள் முழுவதும் நின்றுவிட்டன. 90 சதவீதம் வெட்டியதில் 17 நாள். வகைக்கு வகை, மண்ணுக்கு மண் இந்த எண்கள் மாறும். ஆனால் பாதிக்கு மேல் போனால் வேர் நின்றுவிடும் என்ற திசை மாறாது. நம் வட்டாரத்தில் மண்ணில் நல்ல ஈரம் இருப்பதே சில வாரங்கள்தான். அதில் 17 நாள் வேர் நின்றால் பருவத்தில் பெரும்பங்கு போய்விட்டது. வேர் ஆழம் போகாத புல் மார்கழிப் பனியோடு காய்ந்துவிடும். ஆழம் போன புல் மாசி வரை பசுமை காட்டும்.

எனவே பாதியை எடு, பாதியை விடு. கொழுக்கட்டைப் புல்லுக்கு இதைக் கையால் அளந்துவிடலாம். ஒன்றரைச் சாண் உயரம் வந்த பிறகு உள்ளே விட வேண்டும். அரைச் சாண் உயரத்துக்கு வந்ததும் வெளியே எடுத்துவிட வேண்டும். ஒன்றரைச் சாண் என்பது சுமார் 33 சென்டிமீட்டர், அரைச் சாண் சுமார் 11. உயரத்தில் மூன்றில் ஒரு பங்குதானே மிச்சம், பாதி எங்கே என்று கேட்கலாம். குத்துப்புல்லின் எடை மேலே குறைவு, அடியில் அதிகம். உயரத்தில் பாதியை விட அதிகமாக எடுத்தாலும் எடையில் ஏறக்குறைய பாதி தூரிலேயே நிற்கும். ஐயம் இருந்தால் ஒரு தூரைத் தரையோடு அறுத்து, கயிற்றில் கட்டி, விரல்மேல் கிடையாகச் சாய்த்துப் பாருங்கள். சமன் நிற்கும் இடம் நடுவில் இருக்காது. அடிப்பக்கம் தள்ளியே இருக்கும்.

அடுத்தது, எத்தனை நாள் உள்ளே விடலாம் என்பது. மண்ணில் ஈரம் இருக்கும்போது கடிபட்ட தூரில் ஐந்தாறு நாளில் மறுபடியும் கடிக்கத்தக்க இளம் இலை வந்துவிடும். ஆடு, மாடு இரண்டுக்குமே பழைய இலையைவிட அந்த இளம் இலைதான் பிடிக்கும். ஒரு காட்டில் பதினைந்து நாள் அடைத்து வைத்தால் பாதித் தூர்களைத் தொடாமல் முற்ற விட்டுவிட்டு, மீதித் தூர்களையே மூன்று முறை கடித்திருக்கும். இருக்கிற காட்டில் முற்றிய புல்லும் மொட்டைத் தரையும் பக்கத்தில் பக்கத்தில் தெரிந்தால் காரணம் இதுவே. பிரான்சின் நார்மண்டியில் மேய்ச்சல் நிலம் வைத்து ஆராய்ந்த ஆந்த்ரே வோய்சின் 1950களில் வற்புறுத்திய விதியும் இதுதான்: ஒரு முறை உள்ளே இருக்கும் காலத்தில் ஒரே புல் இரண்டு தடவை கடிபடக் கூடாது. ஐப்பசி முதல் மார்கழி வரை ஒரு காட்டில் ஐந்து நாளுக்கு மேல் வைக்கக் கூடாது. நான்கு ஏக்கர் காட்டை அவ்வளவு சீக்கிரம் மேய்த்து முடிக்க உருப்படி போதாதென்றால், நடுவே தற்காலிக வலை கட்டி இரண்டாகவோ நான்காகவோ பிரிக்கலாம். செம்மறிக்கு மூன்றடி வலை போதும். வெள்ளாடு தாண்டிவிடும்.

ஐந்து நாள் கணக்குக்கு இன்னொரு காரணம் குடற்புழு. சாணத்திலும் புழுக்கையிலும் வெளியேறும் முட்டைகள், மழைக்காலச் சூட்டில் ஏறக்குறைய ஒரு வாரத்துக்குள் தொற்றும் நிலைக்கு வளர்ந்து, புல்லின் ஈரத்தில் மேலே ஏறும். அவற்றில் பெரும்பங்கு தரையிலிருந்து இரண்டு அங்குலத்துக்குள்ளேயே இருக்கும். புல்லை அரைச் சாணில் நிறுத்துகிறவரின் ஆடு அந்தப் புழுவைக் குறைவாகவே விழுங்கும். தரையோடு மேய விடுகிறவர் மருந்துக்குச் செலவழித்துக்கொண்டே இருப்பார். ஒரே மருந்தை அடிக்கடி கொடுத்து அது வேலை செய்யாமலும் போய்விடும்.

ஓய்வு பற்றித்தான் பெரிய தவறு நடக்கிறது. ‘ஒரு மாதம் காட்டை அடைத்து வைத்தேன், புல் வரவில்லை’ என்பார்கள். எந்த மாதம் என்று கேட்டால் பங்குனி. பங்குனியில் அடைத்து வைப்பதால் எந்தப் புல்லும் வளராது. அது ஓய்வுக் கணக்கில் சேராது. மண்ணில் ஈரம் உள்ள நாள் மட்டுமே ஓய்வு நாள். கடப்பாரையால் அரையடி குத்தி எடுத்து, அந்த மண்ணைப் பிசைந்தால் உருண்டை நிற்கிறதா என்று பார்க்கலாம். நின்றால் அன்று புல் வளர்கிறது. அப்படிப்பட்ட நாட்கள் முப்பத்தைந்து, நாற்பது சேர்ந்தால் ஒரு மேய்ச்சல் போதுமான அளவு தேறும். மழை விட்டுவிட்டுப் பெய்தால் அதற்கேற்ப நாள் கூடும். நாட்காட்டியில் தேதி குறித்துச் சுழற்றுவது ஆண்டு முழுவதும் மழை பெய்யும் நாட்டுக்குச் சரி, நமக்கு ஆகாது. கோடையில் காட்டைச் சுற்றி மாற்றுவதன் பயன் வேறு. அப்போது நாம் காப்பது வளர்ச்சியை இல்லை, மேய்ந்தபின் நின்றுகொண்டிருக்கும் அரைச் சாண் அடிப்புல்லை, அதாவது தாளை. அந்தத் தாளை விடாமல் மேய்த்தால் கோடை மழையின் முதல் துளி நேராக மண்ணில் அடிக்கும்.

அந்த அடி சாதாரணமானதில்லை. நம் செம்மண் சரளையின் மேல் துளி விழுந்ததும் நுண்மண் கரைந்து துளைகளை அடைத்து, காய்ந்த பிறகு கெட்டியான மேலோடாக, பொறுக்காகிவிடும். அடுத்த மழை அதன் மேல் வழிந்து, வேலிகளுக்கு இடையே போகும் இட்டேரித் தடத்துக்கு ஓடும். 10 மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு ஏக்கரில் 40,000 லிட்டர் தண்ணீர். மழை நின்ற மறுநாள் தூர் நெருங்கிய இடத்திலும் மொட்டை இடத்திலும் தோண்டி, ஈரம் எத்தனை விரல் இறங்கியிருக்கிறது என்று அளந்து பார்த்தால் மழை பெய்தும் புல் இல்லை என்பதன் பொருள் விளங்கும். வானம் கொடுத்தது, காட்டின் வாய் மூடியிருந்தது.

சரி, எத்தனை உருப்படி வைக்கலாம்? இதற்கு ஊகம் வேண்டாம், கணக்குப் போடலாம். நான்கு குச்சிகளால் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சட்டம் கட்டிக்கொள்ளுங்கள். கார்த்திகைக் கடைசியில் காட்டில் குறுக்கும் நெடுக்குமாக நடந்து, நல்ல இடம் கெட்ட இடம் பார்க்காமல் பத்து இடங்களில் சட்டத்தைப் போட்டு, உள்ளிருக்கும் தின்னத் தகுந்த புல்லைத் தரையோடு அறுத்து, எடை குறையாமல் நிற்கும் வரை உலர்த்தி நிறுக்க வேண்டும். சதுர மீட்டருக்குச் சராசரி 100 கிராம் என்று வைத்துக்கொள்வோம். ஏக்கருக்கு 400 கிலோ, நான்கு ஏக்கர் காட்டுக்கு 1,600 கிலோ. பாதி தூரில் நிற்க வேண்டும். மீதிப் பாதியிலும் மிதிபடுவது, கரையான் எடுப்பது, சாணம் விழுந்து தொடாமல் விடுவது எல்லாம் உண்டு. ஆகவே மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குதான் வயிற்றுக்குப் போகும் என்று கொள்வது பாதுகாப்பு. சுமார் 530 கிலோ. 300 கிலோ எடையுள்ள மாடு நாளொன்றுக்குத் தன் எடையில் இரண்டரை சதவீதம், ஏழரைக் கிலோ உலர் தீவனம் தின்னும். 25 கிலோ எடையுள்ள செம்மறி மூன்று சதவீதம், முக்கால் கிலோ. அதாவது பத்து ஆடு ஒரு மாட்டுக்குச் சமம். ஒரு மாடும் பத்து ஆடும் நாளைக்கு 15 கிலோ என்றால் இந்தக் காடு அவற்றுக்கு 35 நாள் வரும். இதே போல நான்கு காடு இருந்தால் 140 நாள். தைப் பொங்கலில் தொடங்கினால் ஏறக்குறைய வைகாசி 20 வரை. அதற்கு மேல் இருக்கும் ஒவ்வொரு ஆடும் அந்த அரைச் சாண் தாளிலிருந்துதான் தின்னும். கார்த்திகையிலேயே இந்தக் கணக்கைப் போட்டுவிட்டால் மார்கழியில் கொழுத்த குட்டிகளை நல்ல விலைக்கு விற்கலாம். கணக்குப் போடாதவர் பங்குனியில் இளைத்த ஆட்டைக் கேட்ட விலைக்குக் கொடுப்பார்.

எண்ணிக்கையைத் தொடாமல் சுழற்சி மேய்ச்சலை மட்டும் மந்திரம் போலச் சொல்கிறவர்களும் உண்டு. உலகின் பல நாடுகளில் நடந்த மேய்ச்சல் சோதனைகளை 2008இல் அமெரிக்க ஆய்வாளர்கள் தொகுத்துப் பார்த்தார்கள். உருப்படி எண்ணிக்கை ஒன்றாக இருக்கும்போது, வறண்ட மேய்ச்சல் நிலங்களில் தொடர்ந்து மேய்த்ததைவிடச் சுழற்றி மேய்த்ததில் பெரும்பாலான சோதனைகளில் புல் விளைச்சலில் மேம்பாடு தெரியவில்லை. ஆகவே முதலில் எண்ணிக்கை, அடுத்து முதல் மழைக்கு அடைப்பது, மூன்றாவதுதான் சுழற்சி. இந்த வரிசையை மாற்றி, நாற்பது ஆடு தாங்கும் நிலத்தில் நூறு ஆட்டை அழகாகச் சுழற்றினாலும் எல்லாக் காடும் சமமாக மொட்டையாகும்.

‘ஐப்பசியில் நாற்பது நாள் அடைத்தால் அதுவரை எதைப் போடுவது?’ என்பதே எல்லோரும் கேட்கும் கேள்வி. நியாயமான கேள்வி. இருப்பதிலேயே கெட்டுப்போன ஒரு காட்டை அந்த நாட்களுக்கு ஒதுக்கி, மந்தை முழுவதையும் அங்கேயே நிறுத்தித் தீவனம் போட வேண்டும். மேலே சொன்ன ஒரு மாடு, பத்து ஆட்டுக்கு நாற்பது நாளைக்கு 600 கிலோ உலர் எடை. நிறுத்த எடையில் 650 கிலோ சோளத்தட்டு என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு ஏக்கர் தீவனச் சோளம் ஒழுங்காக வந்தால் அதைவிடக் கூடுதலாகவே கிடைக்கும். தட்டில் புரதம் குறைவு என்பதால் கடலைக்கொடி, வேலிமசால் என்னும் பயறுவகைத் தீவனம், கோடையில் பொறுக்கி வைத்த வெள்வேலங்காய் ஆகியவற்றில் ஏதாவது சேர வேண்டும். வெள்வேலங்காயை உதிர்ந்த நாளே தின்ன விட்டுவிடாமல் மூட்டை கட்டி வைப்பது பழைய பழக்கம். ஈரம் படாமல் வைத்தால் ஐப்பசிக்கு நிற்கும். ஒதுக்கிய காடு சாணமும் புழுக்கையும் ஏறி, அடுத்த ஆண்டு உழுது விதைக்கத் தயாராகிவிடும்.

எந்தக் காட்டை முதலில் திறப்பது என்ற வரிசையும் முக்கியம். வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் காடு, தண்ணீர்த் தொட்டி உள்ள காடு என்று ஆண்டுதோறும் ஒரே காட்டை முதலில் திறந்தால் அது விதையே போடாமல் ஐந்தாறு ஆண்டில் தீர்ந்துவிடும். இந்த ஆண்டு முதலில் திறந்ததை அடுத்த ஆண்டு கடைசியில் திறக்க வேண்டும். நான்கில் ஒரு காடாவது ஒவ்வோர் ஆண்டும் கதிர் முற்றி விதை உதிர்ந்த பிறகே மேயப்பட வேண்டும். விதை உதிர்ந்த பிறகு மாடு போவது நல்லதே. குளம்பு பொறுக்கை உடைத்து விதையை மண்ணில் அழுத்தும். தொட்டியும் ஒரே இடத்தில் நிரந்தரமாக இருக்கக் கூடாது. அதைச் சுற்றி இருபதடி எப்போதும் கட்டாந்தரையாகவே கிடக்கும். குழாய் நீட்டி மாற்றி வைக்க வழி இருந்தால் செலவு பார்க்காமல் செய்யலாம்.

மாடும் ஆடும் மேயும் விதம் வேறு. மாடு நாக்கைச் சுற்றி இழுத்துப் பிடுங்கித் தின்னும். மிகக் குட்டையான புல் அதன் நாக்குக்குச் சிக்காது. செம்மறியின் மேலுதடு பிளந்தது. கீழ்ப்பல்லைத் தரையோடு வைத்துக் கரும்பிவிடும். ஆகவே மாட்டை முதலில் விட்டு, இரண்டு நாள் கழித்து ஆட்டை விட்டு, இரண்டையும் ஒன்றாக வெளியே எடுப்பது நல்ல முறை. மாடுகளை விற்றுவிட்டுச் செம்மறி மட்டுமே வைத்த காடுகளில் புல் வேகமாகத் தேய்வதற்கு இதுவும் காரணம். மாடு போனபின் பழைய உயரத்தில் நிறுத்த யாரும் இல்லை.

மேய்க்காமலேயே விட்டுவிட்டால் புல் பெருகும் என்பதும் சரியில்லை. இரண்டு ஆண்டு தொடாமல் விட்ட கொழுக்கட்டைத் தூரின் நடுவே செத்த தட்டுகள் குவிந்து, வெளிச்சம் அடிக்கணுவுக்குப் போகாது. ஓரத்தில் மட்டும் பச்சை வளையமாக நிற்கும், நடு செத்துவிடும். பூக்கும் முன் எட்டு, பத்து சதவீதம் இருக்கும் புரதம், காய்ந்து நின்ற பிறகு பாதிக்கும் கீழே இறங்கிவிடும். கோடைத் தீப்பொறிக்கும் அதுவே தீனி. புல்லுக்கு வாய் தேவை. ஆனால் நேரம் அறிந்த வாய்.

காட்டின் நிலையை அறிய ஆய்வகம் தேவையில்லை, என்ன முளைக்கிறது என்று பார்த்தாலே போதும். கொழுக்கட்டையும் நரிப்பயறும் கலந்து நின்றால் நலம். கொழிஞ்சியும் ஆவாரையும் கூடிக்கொண்டே போனால், கால்நடை தொடுவதெல்லாம் தீர்ந்து தொடாதது பெருகுகிறது என்று பொருள். துடைப்பப் புல் வந்தால் மேல்மண் போயிருக்கிறது. நெருஞ்சியும் பார்த்தீனியமும் மொட்டைத் தரையின் அடையாளம். சீமைக்கருவேலங் கன்றை இரண்டடிக்கு மேல் விடவே கூடாது. மழை ஈரத்தில் வேரோடு தோண்டி எடுக்க வேண்டும். மேலே வெட்டினால் நான்காகத் தழையும்.

கெட்டுப்போன காட்டை மீட்பதற்கு உழவு உதவும். மூன்று, நான்கு ஆண்டுக்கு ஒரு முறை கொறங்காட்டை உழுது சோளமோ கொள்ளோ விதைத்து எடுப்பது நம் பழைய முறை. பொறுக்கு உடையும், விதை மண்ணுக்குள் போகும், தீவனமும் கிடைக்கும். கெடுதல் வருவது கருவியால். சட்டிக் கலப்பை தூரைப் புரட்டி வேரை வெயிலில் போடும், ரொட்டவேட்டர் பொடியாக்கிவிடும். கொழுக் கலப்பையால் மூன்று, நான்கு அங்குலம், சரிவுக்குக் குறுக்கே கீறினால் போதும். தூர் நன்றாக இருக்கும் இடத்தில் உழவே வேண்டாம். மொட்டைத் திட்டுகளில் மட்டும் கீறலாம். சோளம் விதைத்தால் ஒரு எச்சரிக்கை: மழை தப்பி வாடிய இளஞ்சோளத்தில் மாட்டை நிமிடங்களில் கொல்லும் நஞ்சு உண்டு. பூக்கும் வரை படலைத் திறக்கக் கூடாது.

கொழுக்கட்டை விதை ஏக்கருக்கு இரண்டரை முதல் மூன்று கிலோ. இந்த ஆண்டு சேகரித்த விதை உறக்கத்தில் இருக்கும்; ஆறு, எட்டு மாதம் கழித்தே நன்றாக முளைக்கும். புது விதையைப் போட்டுவிட்டு முளைக்கவில்லை என்று கைவிடுகிறவர்கள் பலர். விதை சுணையோடு பஞ்சு போல இருப்பதால் காற்றில் பறக்கும். ஈர மணலோடு பிசைந்து தூவி, முள் கிளையை மேலே ஒரு முறை இழுத்தால் போதும். ஆழமாகப் புதைந்தால் சரியாக முளைக்காது. ஊடே முயல்மசால் என்னும் பயறுவகைத் தீவனத்தைக் கலந்தால் புரதமும் கிடைக்கும், மண்ணுக்குத் தழைச்சத்தும் சேரும். அதன் விதையை 80 டிகிரி சுடுநீரில் நான்கு நிமிடம் போட்டு எடுத்துத்தான் விதைக்க வேண்டும், தோல் கடினம். முதல் பருவத்தில் மேய விடலாமா என்பதற்கு ஒரு எளிய சோதனை உண்டு. தூரின் நுனியைக் கைநிறையப் பிடித்து, மாடு இழுப்பது போல வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள். இலை அறுந்தால் சரி. தூர் வேரோடு வந்தால் இன்னும் காலம் இருக்கிறது.

மொட்டைத் திட்டுகளில் ஆட்டுப்பட்டியை ஆவணி, புரட்டாசியில் இரண்டு மூன்று இரவு அடைத்து நகர்த்துவதும் நல்ல பலன் தரும். ஒரே இடத்தில் ஒரு வாரம் அடைத்தால் மூத்திர உப்பே முளையைக் கருக்கிவிடும்.

இவ்வளவும் நில உரிமையாளர் தானே மேய்க்கும்போது செய்யக்கூடியவை. இன்று கொறங்காடுகளில் பல, ஓராண்டுக் குத்தகைக்கு விடப்படுகின்றன. சிக்கலின் முடிச்சு இங்கே இருக்கிறது. அடுத்த ஆண்டு இந்தக் காடு தனக்குக் கிடைக்குமா என்று தெரியாத குத்தகைதாரர் அரைச் சாண் தாளை யாருக்காக விட்டு வைப்பார்? முதல் மழைக்கு ஏன் காத்திருப்பார்? அவரைக் குறை சொல்வது நியாயமில்லை. ஒப்பந்தம் அப்படி இருக்கிறது. குத்தகையைக் குறைந்தது மூன்று ஆண்டுக்கு எழுத வேண்டும். அதில் நான்கு வரி சேர்த்தால் போதும்: எத்தனை மாட்டுக் கணக்குக்கு உருப்படி, ஐப்பசி மழைக்குப்பின் எத்தனை நாள் படல் அடைப்பு, விடும்போது நிற்க வேண்டிய தாளின் உயரம், வேலியில் விழும் சந்துகளை அடைப்பது யார் பொறுப்பு. அடைப்பு நாட்களுக்குரிய வாடகையை உரிமையாளர் கழித்துக் கொடுக்க வேண்டும். ஒரு மாத வாடகையை இழப்பவருக்கு மூன்றாம் ஆண்டில் கூடுதல் வாடகைக்குரிய காடு கையில் இருக்கும். வேலியைப் பற்றி ஏன் சொல்கிறேன் என்றால், கிளுவையில் ஒரு ஆள் நுழையும் சந்து இருந்தாலும் இத்தனை கணக்கும் வீண். பக்கத்துக் காட்டு ஆடு வந்து ஓய்வை முடித்து வைத்துவிடும்.

வேளாண்மைத் துறைக்கும் கால்நடைப் பராமரிப்புத் துறைக்கும் தங்கள் நாளிதழ் வழியாக ஒரு வேண்டுகோள். தீவன வளர்ச்சி என்றதும் விதையும் புல்கரணையும் மானியமாகக் கொடுப்பது நல்லதுதான். ஆனால் கொறங்காட்டில் விதைத்த புல் முதல் மழையிலேயே கரும்பப்பட்டால் அந்த மானியம் மண்ணோடு போய்விடுகிறது. அதே தொகையில் ஒரு பங்கை, ஐப்பசியில் நாற்பது நாள் படலை அடைத்து வைப்பவருக்கு உலர் தீவனமாகக் கொடுக்க வேண்டும். அடைத்தாரா இல்லையா என்பதை அளப்பது எளிது: கார்த்திகைக் கடைசியில் கால்நடை ஆய்வாளர் ஒரு சட்டத்தையும் தராசையும் எடுத்துக்கொண்டு காட்டுக்குள் பத்து இடத்தில் போட்டுப் பார்த்தால் போதும். இந்த ஐப்பசிக்குள் ஓர் ஒன்றியத்திலாவது தொடங்கினால், அடுத்த வைகாசியில் அந்தக் காடுகளையும் பக்கத்துக் காடுகளையும் ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
காங்கயம் வட்டம், திருப்பூர் மாவட்டம்.